தொலைந்த விமானமும் தொலையாத எண்ணும்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் மெஸ் பற்றி மட்டும் வேண்டாம் தம்பி, ஏற்கெனவே ஏழு பேர் அதையே எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "அப்படின்னா ஒரு விமானத்தைப் பற்றி எழுதறேனுங்க அண்ணா" என்றேன். "நீங்க பம்ப் கம்பெனியிலதானே இருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பம்ப் வேலைக்குப் போன இடத்தில்தான் இந்த விமானக் கதை எனக்குக் கிடைத்தது. ஆனால் அதன் தொடக்கம் நம்ம ஊரில்தான் இருக்கிறது. அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடல் இல்லாத ஊரில் கப்பற்படை

கோவையில் படித்தவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. பாடம் நடத்தும்போது தலைக்கு மேலே விமானம் போனால் பேராசிரியர் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். அந்த ஒரு நிமிடத்தில் கடைசி பெஞ்சில் என்னென்ன நடக்கும் என்பதை எழுதினால் இந்த மலரில் இடம் போதாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தச் சத்தம் இன்னும் அதிகமாக இருந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பிலும் 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை ஒன்றைக் கோவையில் அமைத்தது. அதற்கு 'எச்.எம்.எஸ். கருடா' என்று பெயர். கரையில் இருக்கும் நிலையத்துக்கும் கப்பல் போலவே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். விமான நிலையம் என்றால் பெரும்பாலும் பறவையின் பெயர். 1945-இல் சூலூர் விமானத்தளமும் கடற்படையிடம் வந்தபோது அதற்கு 'எச்.எம்.எஸ். வைரி' என்று பெயர் வைத்தார்கள். வைரி என்பது நம்ம ஊர் வல்லூறு வகைப் பறவை. இரண்டுமே 1946-இல் மூடப்பட்டன. கடலே இல்லாத கோயமுத்தூரில் இரண்டு 'கப்பல்கள்' நின்றிருந்தன என்ற செய்தியை நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன்.

எங்கள் ஊர் சூலூருக்குப் பக்கம். அந்த வாரமே வீட்டுக்குப் போய் அப்பாருவிடம் கேட்டேன்.

"ஏனுங்க அப்பாரு, நீங்க அந்த ஏரோபிளேனெல்லாம் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம என்ன கண்ணு? மாடு மேய்க்கறப்போ தலைக்கு மேலயே போகும். மாடெல்லாம் மெரண்டு ஓடும். எங்கய்யன்கிட்ட அடி வாங்குனதே அதனாலதான்."

சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கண்ணன் இருந்திருந்தா எல்லா வெவரமும் சொல்லியிருப்பாரு. மலேயாவுக்குப் போனவரு, வரவே இல்ல" என்றார்.

நான் விமானத்தைப் பற்றிக் கேட்கப் போனவன். அண்ணனைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. இருபது வயதில் அப்படித்தான் இருந்தேன்.

சாபுவாவில் கேட்ட செய்தி

படிப்பு முடிந்து பம்ப் கம்பெனியில் சேர்ந்த பிறகு, 2015 அக்டோபரில் அசாமுக்கு அனுப்பினார்கள். திப்ருகர் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் பம்ப் செட் மாட்டி ஓட்டிக் காட்டும் வேலை. ஒரு நாள் சாபுவா என்ற ஊரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, விமானப்படைத் தளத்தின் வேலியைக் காட்டி, இது யுத்தத்தில் அமெரிக்கர்கள் பயன்படுத்தியது என்றார் கடைக்காரர். இப்போதுகூட மலை மேலே அமெரிக்கர்கள் வந்து பழைய விமானத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். என் அரைகுறை இந்தியில் புரிந்தது அவ்வளவுதான். அன்று இரவு லாட்ஜில் தூக்கம் வரவில்லை. அப்போது தேட ஆரம்பித்தவன், வேலை போக மிஞ்சிய நேரத்தில் பல வருஷம் தேடினேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் போகும் தரைவழி அடைபட்டது. எரிபொருள், குண்டு, மருந்து எல்லாவற்றையும் அசாமிலிருந்து இமயமலையின் கிழக்கு முனையைத் தாண்டி விமானத்தில் கொண்டுபோக வேண்டிய நிலை. அந்த வழிக்கு விமானிகள் 'ஹம்ப்' என்று பெயர் வைத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் ஒட்டகத் திமில். 1945 வரை சுமார் ஆறரை லட்சம் டன் சரக்கு அந்த வழியாகப் போயிற்று. ஏறத்தாழ 600 விமானங்கள் அதில் விழுந்தன என்கிறார்கள். பல விமானங்களை வீழ்த்தியது எதிரி இல்லை. மேகம், பனி உறைவு, பேய்க்காற்று, சரியில்லாத வரைபடம் இவைதான்.

42-73308

சாபுவாவில் நான் கேள்விப்பட்டது பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றும் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 110 அடி. நம்ம டவுன் பஸ் மூன்றை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். போரின்போது 18,000-க்கும் மேல் தயாரித்தார்கள். நமக்கும் இதோடு தொடர்பு உண்டு. போர் முடிந்து கான்பூரில் உடைசலாக விட்டுப் போன லிபரேட்டர்களில் 40-க்கும் மேற்பட்டவற்றைப் பெங்களூர் எச்.ஏ.எல். பொறியாளர்கள் சரிசெய்து பறக்க வைத்தார்கள். நம் விமானப்படை 1968 வரை அவற்றை ஓட்டியது. டில்லி பாலம் விமான நிலையத்தை ஒட்டிய விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. டில்லி போகிறவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் தேடிய விமானம் சீனாவின் குன்மிங் நகரத்தில் இருந்த 308-ஆவது குண்டுவீச்சுப் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவுக்கு ஒரு தனிச் சிரமம். எதிரி மேல் ஒரு முறை குண்டு வீச வேண்டுமானால், அதற்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டையும் அவர்களே இந்தியாவுக்கு வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். 1944 ஜனவரி 25-ஆம் தேதி அப்படிச் சரக்கு எடுக்கத்தான் இந்த விமானம் குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குக் கிளம்பியது. வானிலை மோசம். வந்து சேரவில்லை. தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து எட்டுப் பேரும் இறந்ததாக அறிவித்தார்கள்.

விமானி ஸ்வான்சன், துணை விமானி சேம்பர்ஸ், வழி கணிப்பவர் ஸேட்ஸ், குண்டு வீசுபவர் ஆக்ஸ்ஃபோர்ட், இவர்களோடு ஜின், குவீன், ஹின்சன், ஜெரன்ஸ் என்ற நான்கு சார்ஜென்ட்கள். மூக்குப் பகுதியில் 'ஹாட் அஸ் ஹெல்' என்று பட்டப்பெயர் எழுதியிருந்தார்கள். அரசாங்கம் கொடுத்த பெயர் 42-73308. முதலில் வரும் 42 என்பது கொள்முதல் செய்த நிதியாண்டு. அடுத்து வருவது வரிசை எண். அதே எண் இன்னொரு விமானத்துக்கு இருக்காது.

ஒரு இன்ஜினியராக என்னை நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. 1943-லிருந்து ஒரு விமானம் திரும்பி வராவிட்டால் அமெரிக்கப் படைப்பிரிவு ஓர் அறிக்கை எழுதியாக வேண்டும். கிளம்பிய இடம், போக வேண்டிய இடம், வானிலை, கடைசியாகப் பார்த்தது யார், உள்ளே இருந்தவர் பெயர், பதவி எண், வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்ஜின்களின் எண்ணும் இருக்கும். விமானத்தில் மாட்டியிருந்த எந்திரத் துப்பாக்கிகளின் எண்ணும் ஒவ்வொன்றாக இருக்கும்.

விமானமே போய்விட்டது, துப்பாக்கி எண்ணை எழுதி என்ன ஆகப் போகிறது என்று அன்று யாராவது ஒரு கிளார்க் அலுத்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் எழுதினார்கள். நாங்கள் பம்ப்பில் நேம் பிளேட் அடிப்பது போலத்தான். பம்ப் கிணற்றில் விழுந்து இருபது வருஷம் சேற்றில் கிடந்தாலும், பிளேட்டில் நாலு எண் படிக்க முடிந்தால் அது என்று செய்தது, யாருக்கு விற்றது என்று ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். பிளேட்டும் வேண்டும், ரெஜிஸ்டரும் வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

எழுபத்துமூன்று வருஷம்

அந்த ரெஜிஸ்டர் அமெரிக்காவில் பத்திரமாக இருந்தது. பிளேட் இருந்த இடம் அருணாசலப் பிரதேசத்துக் காட்டில். 2006 டிசம்பரில் கிளேட்டன் கூல்ஸ் என்ற அமெரிக்கர் அங்கே போனார். அவர் அரிசோனாவைச் சேர்ந்த வியாபாரி. மலையேறும் பழக்கம் உள்ளவர். விழுந்த விமானங்களைத் தேடுவதைத் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டவர். மேல் சியாங் பகுதியில் தம்ரோ என்ற ஆதி இன மக்களின் ஊரிலிருந்து, உள்ளூர்க்காரர்கள் வழிகாட்ட மலைக்குள் ஏறினார். ஒன்பதாயிரம் அடிக்கு மேலே செங்குத்தான சரிவில் சிதறிக் கிடந்தது 42-73308. உலகத்துக்குத்தான் அது காணாமல் போன விமானம். அந்த மலையில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அது தெரிந்த இடம். இதைப் படித்தபோது, இத்தனை வருஷம் அவர்களிடம் போய்க் கேட்க ஆள் இல்லாமல் போயிற்றே என்றுதான் தோன்றியது.

2008-இல் அமெரிக்க அரசின் குழு வந்து இடத்தைப் பார்த்தது. அப்புறம் வேலை நின்றுபோனது. அது எல்லை மாநிலம். சீனா தனது என்று சொல்லிக்கொண்டிருக்கும் மண். அனுமதி சுலபமாக வரவில்லை. காணாமல் போனவர்களின் உறவினர்கள் இரண்டு நாட்டு அரசாங்கங்களுக்கும் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2015 செப்டம்பர் முதல் நவம்பர் வரை அந்தச் சரிவில் தோண்டினார்கள். சாபுவா டீக்கடையில் நான் கேட்டது இந்தச் செய்தியைத்தான். 2016 ஏப்ரலில் டில்லியில் மரியாதை செய்து எச்சங்களை அனுப்பி வைத்தார்கள். டி.என்.ஏ. உள்ளிட்ட சோதனைகளுக்குப் பிறகு 2017-இல் ஒருவரை உறுதி செய்தார்கள். அவர் லெப்டினென்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட், விமானம் விழுந்தபோது வயது 24. அந்த ஜூன் மாதம் ஜார்ஜியா மாநிலத்தில் கான்கார்ட் என்ற சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள்.

எழுபத்துமூன்று வருஷம். மகனுக்காகக் காத்திருந்த தலைமுறை போய்விட்டது. இருந்தாலும், வந்தது யார் என்று சொல்ல முடிந்தது.

இது பணக்கார நாட்டுக்காரர்களால் மட்டும்தான் முடியும் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவருக்கு ஏ.என்.-32 விமானத்தை நினைவூட்டினேன். 2016 ஜூலை 22 அன்று சென்னை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய நம் விமானப்படை விமானம் 29 பேரோடு வங்கக்கடலில் மறைந்தது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார், ஆள் இல்லாமல் இயங்கும் நீர்மூழ்கி வாகனத்தை அனுப்பி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தார்கள். அவை ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்துப்போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். நம்ம ஊர்ப் பொறியாளர்கள் ஏழரை வருஷத்துக்குப் பிறகு 29 குடும்பங்களுக்குச் சொன்ன பதில் அது.

எண் இல்லாதவர்கள்

2024-இல் மறுபடியும் அந்தப் பக்கம் போகும் வேலை வந்தது. பர்மிட் வாங்கிக்கொண்டு பாசிகாட் போனேன். 2023 நவம்பரில் அங்கே ஹம்ப் விமானங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். காட்டிலிருந்து கொண்டுவந்த சிதைந்த பாகங்களை வைத்திருக்கிறார்கள். தொழில் புத்தி, ஒவ்வொரு துண்டிலும் குனிந்து எண் இருக்கிறதா என்று பார்த்தேன். அப்படிக் குனிந்திருந்தபோதுதான் அப்பாரு சொன்னது திடீரென்று நினைவுக்கு வந்தது. "மலேயாவுக்குப் போனவரு, வரவே இல்ல."

எட்டு அமெரிக்கர்களின் பெயரும் எனக்கு மனப்பாடம். என் சொந்தப் பெரிய அப்பாருவின் பெயர் எனக்குத் தெரியாது. ரொம்பக் கூச்சமாக இருந்தது.

அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டேன். அப்பாரு காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பாவுக்கும் அத்தைமார்களுக்கும் தெரிந்ததைக் கூட்டிச் சேர்த்தால் இவ்வளவுதான் வந்தது: கங்காணி கூட்டிப் போனார், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார், பேராக் பக்கம் ரப்பர் தோட்டம், 1941 வரை எப்போதாவது ஒரு கடிதம் வரும். போருக்குப் பிறகு திரும்பி வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், "சயாம் ரயிலுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க" என்றாராம். பெயரைக் கேட்டால் பெரிய அத்தை ஒன்று சொல்கிறார், சின்ன அத்தை வேறொன்று சொல்கிறார். ஒன்று வீட்டில் கூப்பிட்டது, இன்னொன்று குலசாமி பெயர் என்று அப்பா நினைக்கிறார். தோட்டத்து ஏட்டில் கங்காணி எதை எழுதினாரோ!

சயாம் ரயில் என்பது ஜப்பானிய ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 1942-43-இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகளாகப் பிடிபட்ட நேச நாட்டுச் சிப்பாய்கள் 60,000-க்கும் மேல் அதில் வேலை செய்தார்கள். சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் அளவில் இருந்தார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலேயாவிலிருந்து கொண்டுபோனவர்களில் பெரும்பான்மையோர் நம் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் பெயர், படைப்பிரிவு, தேதி. கைதிகளாக இருந்தபோதே அவர்கள் ஒளித்து ஒளித்துப் பட்டியல் எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்குப் பட்டியல் எழுத யாரும் இல்லை. எண்ணிக்கையையே 'வரை இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக்கு இருந்த எண்கூட அந்த மனிதர்களுக்கு இல்லை. அங்கே இறந்த தமிழர்களுக்காக 2024-இல் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு கல். அதுவாவது வந்ததே என்று மனசு ஆறிக்கொண்டேன்.

நடுகல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனுக்காக நட்டது. அவனோடு நின்று சண்டை போட்ட நாயையும் அதில் செதுக்கி, 'கோவிவன்' என்று நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 1,400 வருஷம் ஆகிறது. நாய் பெயர் நமக்குத் தெரிகிறது. எண்பது வருஷத்துக்கு முன்னே போன எங்கள் வீட்டு மனிதர் பெயர் தெரியவில்லை. பதிவு செய்து வைக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. நடுவில் எங்கேயோ விட்டுவிட்டோம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

இந்த மலரை வாங்கும் மாணவர்கள் போட்டோ மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவீர்கள் என்று தெரியும். நாங்களும் அப்படித்தான் செய்தோம். இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிப் போங்கள். அமத்தா, அம்மிச்சி, அப்பிச்சி யார் இருக்கிறார்களோ அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நம் கொங்கு நாட்டிலிருந்து மலேயா, சிலோன், பர்மா என்று போனவர்கள் எத்தனையோ பேர். போனவர் யார், எந்த வருஷம், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது என்று எழுதுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். சொன்னது யார், சொன்ன தேதி என்ன என்பதையும் கீழே குறியுங்கள். நான் அப்பாருவிடம் அன்றைக்கு இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் பெயராவது கிடைத்திருக்கும். அந்தப் பத்து நிமிடத்தை எந்த ஆவணக் காப்பகத்திலும் வாங்க முடியாது.

பழைய மாணவர்களுக்கும் ஒரு யோசனை. நம் நூலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்போம். இப்படி எழுதியதன் பிரதிகளை அங்கே வைக்கலாம். பிளேட் எங்கேயோ கிடக்கட்டும், ரெஜிஸ்டராவது நம்மிடம் இருக்கும். என்றைக்காவது யாராவது அங்கே ஒரு தோட்டத்து ஏட்டைக் கண்டெடுத்தால், ஒத்துப் பார்க்க இங்கே ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

என் நோட்டில் முதல் பக்கம் எழுதியாகிவிட்டது. பெரிய அப்பாருவுக்கு அத்தைமார் சொன்ன இரண்டு பெயர்களும் இருக்கின்றன. பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வருகிறேன். நீங்களும் உங்களுடையதைக் கொண்டு வாருங்கள்.

– 2010-இல் வெளிவந்த இயந்திரவியல் மாணவன்